ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை

அனிஷா உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் தினம் ஒரு மணி நேரம் சொன்ன இடத்தில் இருந்தாக வேண்டும். விளையாட்டில் பெரிய இடத்துக்கு வந்துவிட்ட எல்லோருக்கும் உள்ள சட்டம் இது. மருந்து ஏதும் போட்டுக்கொண்டு ஆடுகிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அதனால், இன்ன ராத்திரி இன்ன வீட்டில் தூங்குவேன், இன்ன ஒரு மணி நேரம் அங்கே இருப்பேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வந்தவர் கதவைத் தட்டும்போது ஆள் இல்லையென்றால் ஒரு கோடு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று கோடு விழுந்தால் இரண்டு வருஷம்வரை டென்னிஸ் மட்டையைத் தொட முடியாது. தலைவலி மாத்திரைகூடப் போடாதவளுக்கும் அதே கதிதான்.

அனிஷாவுக்கு இரண்டு கோடு விழுந்துவிட்டிருந்தது. போன செப்டம்பரில் சீனாவில் புயலடித்து விமானம் நின்றுபோய், போனில் சார்ஜும் தீர்ந்து, விமான நிலையத்து நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாளே, அது ஒன்று. பிப்ரவரியில் ஒரு ஓட்டலில் அறை அவளுடைய பயிற்சியாளர் பேரில் இருந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று கீழே இருந்தவன் கையை விரித்துவிட்டான். அது இரண்டு. மருந்து தொட்டதில்லை, பொய் சொன்னதில்லை. ஆனாலும் இரண்டு. இதை அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை.

வீடு தூத்துக்குடியில், மாதா கோவிலுக்குப் பின்பக்கத் தெருவில். அப்பா ஆன்டனிக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. துறைமுகக் குடியிருப்பில் இருந்த சிமென்ட் மைதானத்தில் ஏழு வயதில் ஆடத் தொடங்கினாள். பதினாலில் சென்னை. பதினேழில் ஒரு பெட்டியும் ஆறு மட்டைகளுமாக வெளிநாடு. அப்புறம் எல்லாம் கிடுகிடுவென்று ஏறிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்து மூன்று வயதுவரை உலக வரிசையில் இருநூறுக்கும் முந்நூறுக்கும் நடுவிலேயே கிடந்தாள். பேர் தெரியாத ஊர்களில், நாலு பேர் பார்க்க ஆடினாள். தோற்ற அன்றே துணியை அலசிக் காயப்போட்டு, ஈரம் போகுமுன் மடித்து வைத்து அடுத்த ஊருக்கு ரயில் ஏறினாள். பின் ஒரு வருஷம் நூற்றுக்குள் வந்தாள். அடுத்த வருஷம் அறுபது. இப்போது இருபத்தாறு வயதில் முப்பத்தொன்று.

அந்த முப்பத்தொன்று சும்மா ஒரு எண் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவில் நடக்கும் பெரிய போட்டியில் முதல் முப்பத்திரண்டு பேரைத் தனியாகப் பிரித்து வைப்பார்கள். முதல் இரண்டு சுற்றில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷம் ஆடி, அந்தப் பட்டியலில் அவள் பேர் முதல்முறையாக வரப்போகிறது.

அதற்கு முன்னால் ஐந்து நாள் வீட்டுக்கு வந்தாள். வலது தொடையில் ஒரு பிடிப்பு. ஓடாதே, குதிக்காதே, பத்து நாள் ஓய்வு எடு என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவள் வந்த நேரம், பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றம். கேட்கவா வேண்டும்? புன்னைக்காயலிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் பதினோரு பேர் வந்து இறங்கிவிட்டார்கள்.

அம்மா பிலோமிக்கு விருந்தாளி என்றால் தலைகால் புரியாது. மகளுடைய கட்டிலை மணப்பாட்டுப் பெரியம்மைகள் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாள்.

"எம்மா, நான் இங்கதான் தூங்கணும். எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள் அனிஷா.

"எங்கன எழுதிக் குடுத்த, ரிஜிஸ்டர் ஆபீஸ்லயா? விஜிலா சித்தி வீடு என்ன அமெரிக்காவுலயா இருக்கு? நாலு வீடு தள்ளி. அதுவும் நம்ம வீடுதானளா. போ, போய் ஏசியில படு."

அந்தத் தெருவில் அப்படித்தான். எந்த வீட்டுச் சோறு எந்தப் பிள்ளை வயிற்றில் போகும் என்று யாரும் பார்ப்பதில்லை. நாலு வீடு தள்ளித் தூங்குவதை வெளியே தூங்குவது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். போனை எடுத்து விலாசத்தை மாற்றியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. அனிஷாவும் அந்தத் தெருவில் பிறந்தவள்தானே, அவளுக்கும் நாலு வீடு தூரமாகப் படவில்லை. அவள் எழுதிக் கொடுத்திருந்த நேரம் காலை ஆறு முதல் ஏழு. ஐந்தேகாலுக்கு அலாரம் வைத்து, ஆறுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

கணக்கு சரிதான். சித்தியைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்தேகாலுக்கு அலாரம் அடித்தது. அனிஷாவுக்குக் கேட்கவில்லை. ஊர் ஊராக ஓட்டலில் தூங்கிப் பழகியவள், காதில் பஞ்சடைப்பும் கண்ணில் கறுப்புப் பட்டியும் போட்டுக்கொண்டு தூங்குவாள். பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த விஜிலாதான் ஓடிவந்து அலாரத்தை அமர்த்தினாள். 'ஒரு நாளாவது பிள்ளை தூங்கட்டும்' என்று நினைத்தாள். போனை எடுத்துக் கூடத்தில் சார்ஜில் போட்டாள். திருவிழா நேரத்தில் திருட்டுப் பயம் உண்டென்று வாசலை வெளியே பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள். அத்தனையும் பாசத்தில் செய்தது.

ஆறு மணி தாண்டி மூன்று நிமிஷம். பிலோமி குசினியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். ஆன்டனி கொடிமர வேலைக்காக நாலரைக்கே கோவிலுக்குப் போய்விட்டார். விருந்தாளிகளும் போயாகிவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்தது முட்டுவலிக்காரரான பிலோமியின் அண்ணன் இனிகோ மட்டும். கூடத்தில் உட்கார்ந்து நேற்றைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் யாரோ மணியடித்தார்கள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். நீலச் சேலை, தோளில் பெரிய கறுப்புப் பை. கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். கண்ணாடி இல்லாமல் பிலோமிக்கு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான்.

"வணக்கம்மா. என் பேரு கிருபை, மதுரையிலேருந்து வர்றேன். மரிய அனிஷாவைப் பார்க்கணும்."

"என்ன விஷயமா?"

"அதை அவங்ககிட்ட மட்டும்தான்மா சொல்ல முடியும்."

அவ்வளவுதான், வந்தது யார் என்று பிலோமிக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு வாரம் முன்னால்தான் மதுரையில் குடியிருக்கிற ஒரு வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். பையன் கப்பலில் இன்ஜினியர். 'பெண்ணைப் பற்றி எங்கள் முறையில் விசாரித்துக்கொள்கிறோம்' என்று வேறு சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் தாய், மதுரையிலிருந்து விடியற்காலையில் தனியாக வந்து நிற்கும் ஒருத்தியைப் பார்த்து வேறு என்னத்தை நினைப்பாள்?

"உள்ள வாங்க, உக்காருங்க. இந்தா, காப்பி கொண்டாரேன்."

"வேண்டாம்மா. ஒண்ணும் சாப்பிடக் கூடாது. தண்ணி வச்சிருக்கேன்."

பிலோமிக்குச் சந்தேகமே போய்விட்டது. பேச்சு முடியுமுன் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் அல்லவா? முறை தெரிந்த குடும்பம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

கிருபை ஒரு தாளை எடுத்து மடியில் வைத்தாள். "ராத்திரி இந்த வீட்லதானே தூங்கினாங்க?"

கேள்வியைப் பாருங்கள்! பிலோமிக்குச் சுருக்கென்றது.

"பின்ன? ஊர்ல இருந்தா என் பிள்ள இந்த வீட்டத் தவிர வேற எங்கனயும் தல சாய்க்க மாட்டா. நீங்க யாருகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க."

"இப்ப எங்க?"

ஆறு மணிக்கு மேலும் தூங்குகிறாள், அதுவும் சித்தி வீட்டில் தூங்குகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் எந்தத் தாய் சொல்வாள்? "பூசைக்குப் போயிருக்கா. அஞ்சு மணிக்கே குளிச்சு, முக்காடு போட்டுக்கிட்டு. வெளிநாட்டுல இருந்தாலும் பூசைய மட்டும் விட மாட்டா."

கிருபை தாளில் ஏதோ எழுதினாள். எழுதட்டும், நல்லதைத்தானே சொன்னோம் என்று பிலோமி உள்ளே போய் அண்ணனைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"அண்ணே, மாப்ள வீட்டு ஆளு. சத்தம் போடாம விஜிலா வீட்டுக்குப் போயி அவள எழுப்பிச் சேலை கட்டிட்டு வரச் சொல்லுங்க. அந்த அரைக்கால் டவுசரோட வந்து நின்னுறப் போறா."

"என் முட்டு இருக்க இருப்புக்கு நான் போய்ட்டு வாரதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சிரும்" என்று முனகிக்கொண்டே இனிகோ பின்வாசல் வழியாகப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "வீடு பூட்டியிருக்குளா. எல்லாரும் கோவிலுக்குப் போய்ட்டாவ."

பிலோமி மாதாவுக்கு ஒரு நன்றி சொன்னாள். பாருங்கள், சொன்ன பொய் தானாகவே மெய்யாகிவிட்டது! மகளும் சித்தியோடு பூசைக்குத்தான் போயிருக்கிறாள். இனி என்ன பயம்? கூடத்துக்கு வந்து, மகள் ஜெயித்து வாங்கிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் காட்டத் தொடங்கினாள்.

"இது போர்ச்சுக்கல்ல வாங்குனது. இது என்னமோ ஒரு ஊரு, வாயில நுழையல. ஆனா மீன் குழம்பு நல்லா வைப்பா பாத்துக்கிடுங்க. வெயில்ல ஆடி ஆடிக் கொஞ்சம் கறுத்துட்டா, நிறம் உள்ளுக்குள்ள அப்படியேதான் இருக்கு."

கிருபை சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பது.

"அம்மா, ஏழு மணி வரைக்கும்தான் நான் இருப்பேன்."

"பூசை முடிய எட்டாயிரும்லா? இருங்களேன். ஏழு மணிக்கு என்ன, ராகுகாலமா?"

"இந்த ஒரு மணி நேரம் இங்க இருப்பேன்னு உங்க மகதான் எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள அவங்களைப் பார்க்கலைன்னா, ஆள் இல்லைன்னு எழுதிட்டுக் கிளம்பிருவேன்."

கோப்பை பிலோமியின் கையிலேயே நின்றது. எழுதிக் கொடுத்திருக்கேன் என்று மகள் நேற்றுச் சொன்னாள்தானே? அது மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படித் தெரியும்?

இனிகோ பேப்பரைக் கீழே போட்டார். "ஏளா பிலோமி, இது சம்பந்தம் பேச வந்த ஆளு இல்ல. மூத்திரம் எடுத்துப் பாக்க வந்தவங்க. மருந்து சோதனை! வருஷத்துக்குள்ள மூணு வாட்டி ஆள் இல்லேன்னா ரெண்டு வருஷம் வெளிய உக்கார வச்சிருவாவன்னு பேப்பர்ல போட்டிருந்தான்லா."

"இது எத்தனையாவது வாட்டி?" பிலோமி கிருபையைக் கேட்டாள்.

"அதை நீங்க அவங்களைத்தான் கேக்கணும்மா."

பிலோமிக்குப் பதில் தேவைப்படவில்லை. ஒரு தடவைகூட நடக்காமலிருந்தால் இங்கேதான் தூங்கணும் என்று நேற்று அவள் சொல்லியிருக்க மாட்டாளே. மகளுக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தங்கச்சிக்குப் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே பாட்டும் கொட்டும்.

"யக்கா, கொடி ஏறப் போவுது, அப்புறம் பேசு" என்று கிசுகிசுத்தாள் விஜிலா.

"அனிஷா எங்களா? உங்கூடயா இருக்கா?"

"இல்லயே, வீட்லதான் தூங்குதா. நல்லாத் தூங்கட்டும்னு நாந்தான் வெளிய பூட்டிட்டு வந்தேன். சாவி எங்கிட்ட இருக்கு, பயப்படாத!"

"சேசு மரி சூசையே!" பிலோமி போனைப் போட்டுவிட்டு கிருபையின் முன்னால் வந்து நின்றாள். இத்தனை வயதில் ஒரு வெளியாள் முன்னால் இப்படி நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று முகம் எரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். "நான் சொன்னது பொய்யிம்மா. அவ பூசைக்குப் போகல. ராத்திரி இங்கன தூங்கவும் இல்ல. நாலு வீடு தள்ளி என் தங்கச்சி வீட்ல கிடக்கா. உள்ள வச்சுப் பூட்டியிருக்கு. நீங்க கொஞ்சம் அங்க வந்து ஜன்னல் வழியா ஆளப் பாத்துருங்க. எழுதுனத அடிச்சிருங்க."

"அடிக்க முடியாதும்மா. கீழே புதுசா எழுதலாம். அவங்க எழுதிக் கொடுத்த வீடு இதுதான், நான் இங்கதான் நிக்கணும்." கிருபையின் குரல் இளகியிருந்தது. "மணி ஆறு நாப்பத்தஞ்சு."

பிலோமி ஓடினாள். ஐம்பத்தாறு வயது, மாவு படிந்த கை, காலில் செருப்பில்லை. விஜிலா வீட்டு வாசலில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு தொங்கியது. கதவை இடித்தாள். தெரு நெடுகக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் கொடியேற்ற மந்திரம் முழங்கிக்கொண்டிருந்தது. அவள் இடித்தது அவளுக்கே கேட்கவில்லை.

முக்குக் கடை அய்யாக்குட்டி அண்ணாச்சி இறங்கி வந்தார். "என்ன மைனி, பூட்ட உடைக்கணுமா? சுத்தியல் எடுத்தாரவா?"

"அத உடைக்க மத்தியானம் ஆவும் அண்ணாச்சி. பிள்ள பின்னறையில தூங்குதா. அவள எழுப்பணும்."

அண்ணாச்சி ஒரு கணம் யோசித்தார். கடையில் விற்பதற்குத் தொங்கவிட்டிருந்த ஒட்டடைக் கம்பை உருவிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் பக்கத்துச் சந்துக்குள் புகுந்தார்கள். பின்னறை ஜன்னல் கண்ணாடியைத் தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே அனிஷா குப்புறக் கிடந்தாள். பிலோமி கம்பைக் கம்பிக்குள் விட்டு மகளின் உள்ளங்காலில் குத்தினாள். கால் உள்ளே இழுத்துக்கொண்டது. மறுகாலில் குத்தினாள்.

அனிஷா துள்ளி எழுந்து கண்பட்டியைக் கழற்றினாள். ஜன்னலில் அம்மா, அண்ணாச்சி, நடுவில் ஒட்டடைக் கம்பு.

"ஏளா, மருந்துக்காரி வந்திருக்கா! ஏழு மணிக்குப் போயிருவா! வாசல் பூட்டியிருக்கு!"

அனிஷா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐம்பது. கூடத்துக்குப் பாய்ந்தாள், போனை எடுத்தாள். மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம் மேலே போயிற்று.

பிலோமிக்கு அப்போதுதான் உறைத்தது. மொட்டை மாடி வழியாக வரப்போகிறாள்.

தெருவுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். அந்த வரிசையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். விஜிலா வீட்டுக்கு அடுத்த இரண்டும் தட்டையான மாடிகள். நடுச்சுவரைக் கடந்துவிடலாம். அதற்கடுத்தது பம்பாய்க்காரர்களின் பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டு வீடு. ஓடு மிதித்தால் நொறுங்கும். தெருப்பக்கம் அதற்கு ஒரு முகப்புச் சுவர் உண்டு. அகலம் ஒன்றரை அடி. அது போய்ச் சேருகிற இடம் பிலோமி வீட்டு மாடி.

அனிஷா அந்த இரண்டாவது வீட்டு மொட்டை மாடியின் ஓரத்தில் வந்து நின்றாள். முகப்புச் சுவர் அவள் காலுக்கு நாலடி கீழே. குதித்தால் ஒரு நொடி. குதித்தால் தொடை போய்விடும். தொடை போனால் அமெரிக்காவும் போய்விடும்.

"குதிக்காதளா!" பிலோமி கீழேயிருந்து கத்தினாள். "என் தங்கம், குதிச்சிராத!"

அவள் குதிக்கவில்லை. பரபரக்கவும் இல்லை. ஒரு நீண்ட பந்தாட்டத்தின் நடுவில் அடிக்க அவசரப்படாமல் காத்திருப்பவளைப் போல, விளிம்பில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, இடது காலை முதலில் இறக்கினாள். சுவரின்மேல் குதிரையில் உட்காருவதுபோல இரண்டு பக்கமும் காலைப் போட்டு, சாணளவாக நகரத் தொடங்கினாள். கீழே பிலோமி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு கூடவே நகர்ந்தாள். விழுந்தால் பிடித்துவிடலாம் என்பது போல.

"பாப்பா, கீழ பாக்காத!" என்றார் அண்ணாச்சி.

"அம்பத்தஞ்சு!" வாசலில் நின்று இனிகோ நேரம் சொன்னார்.

அனிஷாவின் போன் அடித்தது. கடைசி ஐந்து நிமிஷத்தில் கூப்பிடலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

"மரிய அனிஷாவா? நான் உங்க வீட்ல இருக்கேன். நீங்க எழுதிக் கொடுத்த விலாசத்துல இருக்கீங்களா?"

"அரை வீடு பாக்கி மேடம். வந்துட்டே இருக்கேன்."

"விழுந்திராதீங்க" என்றாள் கிருபை. அது சட்டத்தில் இல்லாத வாக்கியம்.

ஐம்பத்தேழுக்குச் சொந்த மாடியின் கைப்பிடிச் சுவரைப் பற்றி ஏறினாள். மாடிக் கதவைப் பிலோமி விடிகாலையிலேயே வடகம் காயப்போடத் திறந்துவிட்டிருந்தாள். படியிறங்கிக் கூடத்துக்கு வந்தபோது முழங்காலில் சுண்ணாம்பு, கையில் சிராய்ப்பு, உடம்பில் அந்த அரைக்கால் டவுசர். கிருபை எழுந்து நின்று, நேரம் சொல்லி, சோதனைக்கு அழைப்பதாகச் சொல்லவேண்டியதை வரிபிசகாமல் சொல்லித் தாளை நீட்டினாள்.

ஆறு ஐம்பத்தெட்டு. அனிஷா கையெழுத்துப் போட்டாள். பிலோமி வாசல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தூங்கி எழுந்து நேரே வந்தவளுக்குச் சோதனைக்குக் கொடுப்பதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஆனால் கிருபையும் அவளோடு குளியலறைக்குள் போனபோது பிலோமி பொங்கிவிட்டாள். "இது என்ன கூத்து? கூட நின்னு பாப்பாங்களா?"

"பாக்கணும்மா. வேற தண்ணி கலக்கலன்னு பாக்கணும்லா" என்றாள் அனிஷா. "பதினேழு வயசுலேருந்து இப்படித்தான்."

பதினேழு வயது. தாவணி நழுவினால்கூடக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை. பிலோமி குசினிக்குப் போய், வேலை எதுவும் செய்யாமல் நின்றாள்.

இரண்டு சீசாக்களையும் முத்திரையிட்டு மூடிய பிறகு கிருபை கடைசித் தாளை எடுத்தாள். அதில் விளையாடுகிறவர் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதிக்கொள்ளக் கொஞ்சம் இடம் இருந்தது. அனிஷா பேனாவை எடுத்தாள்.

"என்னத்த எழுதுத?" என்றாள் பிலோமி.

"ராத்திரி சித்தி வீட்ல தூங்குனேன். விலாசத்த மாத்தாதது என் தப்புன்னு."

"ஏன் உன் தப்பு? உன்ன அங்க அனுப்புனது நானு. பூட்டுனது உங்க சித்தி. பொய் சொன்னதும் நானு. என் பேரைப் போட்டு எழுது. நான் கையெழுத்துப் போடுதேன்."

"எம்மா, இதுல உனக்கு இடம் கிடையாது."

"இடம் ஏன் கிடையாது? நான் பெத்த பிள்ளைதான நீ?"

கிருபை இரண்டு பேரையும் பார்த்தாள். "அம்மா முதல்ல சொன்னதையும் எழுதியிருக்கேன், அப்புறம் சொன்னதையும் எழுதியிருக்கேன். பின்னாடி சொன்னதை யாரும் கேக்காமத் தானா வந்து சொன்னாங்கன்னும் எழுதியிருக்கேன். நீங்க உங்களோடதை எழுதுங்க."

அனிஷா தன் தப்பு என்றே எழுதினாள். ஒரு கோடும் விழவில்லை. கிருபை பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிப் போனாள்.

அரைமணி கழித்து விஜிலா வந்தாள், தலையில் முக்காடும் கையில் பூசை எண்ணெயுமாக. "பிள்ள நல்லாத் தூங்குனாளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள். அதற்கு அந்த வீட்டில் என்ன பதில் கிடைத்தது என்று நான் எழுத வேண்டாம், நீங்களே யூகித்துக்கொள்வீர்கள்.

பந்தி முடிந்து விருந்தாளிகள் கண்ணயர்ந்த பிறகு பிலோமி மகளைக் குசினிக்குக் கூப்பிட்டாள். அனிஷா புயலையும் ஓட்டலையும் சொன்னாள். செப்டம்பர் ஒன்பதோடு முதல் கோடு காலாவதியாகிவிடும், இன்னும் நாற்பத்தைந்து நாள் கவனமாக இருந்தால் போதும் என்றாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ நோன்பு இருப்ப. சோறு தண்ணி இல்லாம எனக்காகக் கெடப்ப. நான் அங்க உக்காந்து உன்ன நெனச்சிட்டு ஆட முடியுமா?"

பிலோமிக்குக் கோபம் வந்தது. மகள் சொன்னதில் உண்மை இருந்ததால் கோபம் நிலைக்கவில்லை. "அந்தப் போனக் காட்டு. எங்கன எழுதுவ?"

அனிஷா காட்டினாள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு ஊர், ஒரு கட்டில், ஒரு மணி நேரம். பிலோமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். போன மாதம், அதற்கு முந்தின மாதம், போன வருஷம். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் எழுதியிருந்தது. மகள் பிறந்தநாளுக்கும் எழுதியிருந்தது. ஓடுவதும் அடிப்பதும் கைதட்டலும்தான் மகளுடைய வாழ்க்கை என்று டிவியில் பார்த்து நினைத்திருந்தாள். தினம் ஒரு மணி நேரம் யாரும் வராத கதவைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை எங்கெங்கோ தனியாக உட்கார்ந்திருந்ததை எந்த டிவியும் காட்டவில்லை.

அன்று சாயங்காலமே பிலோமி மணப்பாட்டுப் பெரியம்மைகளின் பெட்டிகளைத் தூக்கி விஜிலா வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். "கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, திருவிழாவுக்குள்ள சமாதானம் ஆயிருவாவ" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அனிஷா தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பிலோமி இரண்டு காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. மகள் எழுந்து போய்விட முடியாது. பயிற்சி என்றோ தூக்கம் என்றோ போன் என்றோ சாக்குச் சொல்ல முடியாது. பதினாலு வயதில் வீட்டைவிட்டுப் போனவள், முழுசாக ஒரு மணி நேரம் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

"தோத்துட்டு ரூமுக்கு வருவேல்லா, அப்ப என்னளா பண்ணுவ?" என்று கேட்டாள் பிலோமி. பன்னிரண்டு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி.

அனிஷா யோசித்தாள். "குளிப்பேன். அழுவேன். அப்புறம் பசிக்கும்." சிரித்தாள். "பசிச்சுட்டா சரியாயிரும்மா."

அமெரிக்காவில் எத்தனை மணிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று பிலோமி கேட்டுவைத்துக்கொண்டாள். அங்கே காலை ஆறு. இங்கே மத்தியானம் மூன்றரை.

ஆகஸ்ட் கடைசியில் பட்டியல் வந்தது. முப்பத்திரண்டு பேரில் தூத்துக்குடிக்காரி ஒருத்தி இருந்தாள். முதல் சுற்றை இரண்டே செட்டில் வென்றாள். இரண்டாவது சுற்று மூன்று செட் இழுத்தது. தொடை தாங்கியது. அதையும் வென்றாள். பெரிய போட்டி எதிலும் அவள் மூன்றாவது சுற்றை அதுவரை பார்த்ததில்லை. அதற்கு முந்தின நாள், எல்லா நாளையும்போலவே, சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு பிலோமி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தொன்று. போனைப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இங்கனதான் இருக்கேம்மா" என்றாள் அனிஷா. "சொல்லு."